கோரேசுக்கு வந்த வாக்குத்தத்தம்

எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் களக்காட்டுக்கும் டோனாவூருக்கும் நடுவில், மலையைப் பார்த்தபடி இருக்கிற சின்ன ஊர். ஊரில் பாதிப்பேர் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். நாங்கள் நாலு தலைமுறையாகக் கோயிலுக்குப் போகிற குடும்பம். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு நான் வருஷா வருஷம் பரிசு வாங்குவேன். அப்போது கொடுத்த எவர்சில்வர் டம்ளர்களில் இரண்டு இன்னும் அடுக்களையில் இருக்கின்றன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்கிறவர்கள், வேதம் படிக்காதவன் எவனோ ஏமாந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு வசனம் நிறையத் தெரியும். அதுதான் வினையாகப் போனது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆவணியில் இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஏத்தன் வாழை வைத்தேன். இரண்டு ஏக்கருக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 2,000 கன்று. குத்தகை 60,000. கன்று, நடவு, உரம், களைவெட்டு, கூலி என்று அறுவடை வரைக்கும் இன்னொரு 2,10,000. இதில் 1,80,000 வீட்டுக்காரியின் நகையை அடகு வைத்து வாங்கியது. மார்கழி வரைக்கும் வாழை நன்றாகத்தான் வந்தது. வழியில் போகிறவர்கள் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும், எங்கள் பக்கத்து வழக்கப்படி வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். அந்த வருஷத்துக்குக் கர்த்தர் தருகிற வாக்கு என்று ஒரு வேத வசனத்தை அச்சடித்த அட்டை அது. தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள், கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். எனக்கு வந்தது ஏசாயா 45:2. "நான் உனக்கு முன்னே போய், கோணலானவைகளைச் செவ்வையாக்குவேன்." நீல நிற அட்டை, ஓரத்தில் ஒரு மலைப்பாதைப் படம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடனை நினைத்துக்கொண்டே கையை நீட்டியிருந்தேன், கைக்கு இந்த வசனம் வந்தது. அந்த அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அதே வாரம் செல்போனில் ஒரு ஊழியக்காரரின் நிகழ்ச்சியைக் கேட்டேன். யார் என்று எழுதப்போவதில்லை, அவர் ஒருவர் மட்டும் என்றும் இல்லை. அவரும் அதே அதிகாரத்தைத்தான் எடுத்தார். வெண்கலக் கதவு உடையும், இருப்புத் தாழ்ப்பாள் முறியும், மறைவிடத்துப் பொக்கிஷம் உன் கைக்கு வரும், ஆனால் விதைக்காமல் அறுக்க முடியாது, விதைக் காணிக்கையை இன்றே அனுப்பு என்றார். என் அட்டையில் இருந்த வசனம் அவர் வாயிலும் வந்ததும் எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. திரையில் ஓடிய எண்ணுக்குப் போன் போட்டேன். "பிரதர், எதை இழக்கப் பயப்படுகிறீர்களோ அதை விதையுங்கள்" என்று ஒரு பையன் பேசினான். குரலைப் பார்த்தால் என் மருமகன் வயதுதான் இருக்கும். மிகவும் அன்பாகப் பேசினான், என் பெயரைச் சொல்லிச் சொல்லி ஜெபித்தான். நான் அழுதேன். அந்த அழுகையில் இருந்த ஆறுதல் பொய் என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

நான் எதை இழக்கப் பயந்தேன்? வாழைக்கு முட்டுக் கொடுக்க, கம்புக்கும் கயிற்றுக்கும் என்று 45,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தேன். அதுதான் கையில் இருந்த ஒரே ரொக்கம். தையில் 25,000, மாசியில் 20,000 என்று இரண்டு தடவையாக அதை அனுப்பினேன். வீட்டில் சொல்லவில்லை. பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா, அடங்கல் எடுக்க வேண்டும் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கிளம்பியபோது நான் போகவில்லை. எனக்கு முன்னே கர்த்தர் போகிறார் என்று அட்டை சொல்லும்போது காப்பீடு எதற்கு, அது அவிசுவாசம் அல்லவா என்று எனக்குள்ளே ஒரு வீம்பு. வாழை மாதிரித் தோட்டப் பயிருக்கு விவசாயி கட்ட வேண்டிய பங்கு காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம்தான். அதையும் கட்டவில்லை.

மேலத்தோட்டத்து அண்ணாச்சி ஒருவர் உண்டு. அவர் வேதக்காரர் இல்லை, சாஸ்தா கோயில் பூசைக்கு வரி பிரிக்கிறவர். பங்குனியில் குலை தள்ள ஆரம்பித்ததும் வரப்பில் நின்று கேட்டார். "என்னல தம்பி, இன்னும் கம்பு கட்டலியா?"

"கர்த்தர் பாத்துக்கிடுவார் அண்ணாச்சி."

"அவரு பாக்கட்டும்ல. நீ கம்பைக் கட்டு."

எனக்கு அது கேலியாகத்தான் பட்டது. அவருக்காகவும் ஒரு ஜெபம் பண்ணிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சித்திரை கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் மலைப்பக்கம் கறுத்தது. மழை பத்து நிமிஷம்கூட இல்லை. காற்றுதான். வீட்டுத் திண்ணையில் நின்றால் தோட்டத்துச் சத்தம் கேட்கும். குலை தள்ளின வாழை முறியும்போது ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். முதலில் எண்ணினேன். நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. விடிந்து போய்ப் பார்த்தால் இடுப்பு உயரத்தில் ஒடிந்து, எல்லாம் ஒரே பக்கமாகத் தலைசாய்ந்து கிடந்தன. காய்கள் இன்னும் சுண்டுவிரல் பருமன்தான். முறிந்த இடத்திலிருந்து கறை சொட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனதில் வெள்ளைச் சட்டை முழுக்கக் கறை. அந்தச் சட்டைப்பையில்தான் அட்டையும் இருந்தது. 2,000-த்தில் 1,400 போய்விட்டது. மிஞ்சிய 600 குலையை ஆனியில் வெட்டி 1,20,000 பார்த்தேன். செலவில் ஒன்றரை லட்சம், காணிக்கையில் 45,000, ஆக 1,95,000 ரூபாய். கம்பு கட்டியிருந்தால் அத்தனையும் நின்றிருக்கும் என்று சொல்லமாட்டேன். அண்ணாச்சி தோட்டத்திலும் சேதம் உண்டு. ஆனால் அவருக்குப் போனது நாலில் ஒரு பங்கு.

பணம் போனதை ஊரில் சொல்லலாம், சொன்னேன். காணிக்கை அனுப்பியதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதுதான் இந்த ஒரு வருஷத்தில் மிகக் கனமாக இருந்தது. சபையில் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் ஏழெட்டுப் பேர், அதில் நாலு பேர் ஆபகூக் தீர்க்கதரிசியின் அத்திமரத்து வசனத்தைச் சொன்னார்கள். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று. எனக்கு எரிச்சல் வந்ததே ஒழிய மகிழ்ச்சி வரவில்லை. ஆராதனைக்குப் போனால் பின்வாசல் பக்கம் உட்காருவேன், ஆசீர்வாத ஜெபத்துக்கு முன்னாலேயே வெளியே வந்துவிடுவேன். வீட்டு ஜெபத்தை நிறுத்தினேன். வேதாகமம் பீரோ மேலே போனது. ஒரு நாள் ராத்திரி வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. "நகைச்சீட்டு எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். தேதியைப் பார்த்து மடித்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். காணிக்கை கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. சபைக்குச் சங்கக் காணிக்கை கொடுக்கிறோம், ரசீது வருகிறது, கணக்கை எழுந்து கேட்கலாம். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முதல் குலையைக் கொண்டுபோய் வைக்கிறோம், ஏலம் விடுகிறார்கள், கண்ணால் பார்க்கிறோம். யாருக்கு அனுப்பினாலும் வீட்டில் இருக்கிற இன்னொருவருக்குத் தெரிந்து அனுப்புங்கள். மறைத்து அனுப்பத் தோன்றுகிறது என்றாலே ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். கடன் பணத்திலோ பயிருக்கு ஒதுக்கிய பணத்திலோ கைவைக்காதீர்கள். இன்றைக்கே அனுப்பு என்று அவசரப்படுத்துகிறவரிடம் நாளைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், குரல் மாறுவது தெரியும்.

சரி, வசனத்துக்கு வருகிறேன். மே மாதம் எங்கள் கோயிலில் வி.பி.எஸ்., பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி, நடந்தது. மகள் ஏழாம் வகுப்பு. பக்கத்துச் சபைகளெல்லாம் சேர்ந்த சேகர அளவில் வேதவினாப் போட்டிக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் பிள்ளைகளுக்கு வைத்த பகுதியில் ஏசாயாவும் இருந்திருக்கிறது. நான் கட்டிலில் படுத்து ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்பா, கோரேசுன்னா யாருப்பா?"

"எங்க வருது?"

"ஏசாயா 45, முதல் வசனம்."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நாலு மாதம் சட்டைப்பையில் சுமந்தது அதற்கு அடுத்த வசனம். மனப்பாடமாகத் தெரியும். அதற்கு முந்தின வசனத்தை ஒருநாள்கூடப் படித்ததில்லை. வேதாகமத்தை வாங்கிப் பார்த்தேன். கர்த்தர் அபிஷேகம்பண்ணின கோரேசுக்குச் சொல்லுகிற வார்த்தை அது. கோரேசு பெர்சியா தேசத்து ராஜா. யூதரைச் சிறைபிடித்து வைத்திருந்த பாபிலோனைக் கி.மு. 539-ல் பிடித்தவன். எஸ்றா புஸ்தகம் அவனுடைய கட்டளையோடுதான் தொடங்குகிறது, எருசலேமுக்குத் திரும்பிப் போய் ஆலயத்தைக் கட்டுங்கள் என்று. வெண்கலக் கதவு, இருப்புத் தாழ்ப்பாள், பொக்கிஷம் எல்லாம் அந்த ராஜாவின் முன்னே திறக்கப்போகிற பட்டணங்களைப் பற்றிய பேச்சு. நாலாம் வசனத்தில் "நீ என்னை அறியாதிருந்தும்" என்று வருகிறது. அதாவது அந்த வாக்கைப் பெற்றவனுக்கு அதைக் கொடுத்த தேவனையே தெரியாது. வேறொருவர் வீட்டுக்கு வந்த கடிதத்தைப் பிரித்து, அதில் எழுதியிருந்த தொகையை நம்பி நான் கையில் இருந்ததை விட்டிருக்கிறேன்.

முதலில் கோபம்தான் வந்தது. அப்படியானால் எனக்கு இதில் ஒன்றுமே இல்லையா? அந்தக் கோபத்திலேயே மீதி அதிகாரத்தையும் படித்தேன். 13-ஆம் வசனத்துக்கு வந்தபோது மகளைக் கூப்பிட்டு உரக்க வாசிக்கச் சொன்னேன். கோரேசு என் நகரத்தைக் கட்டி, சிறைப்பட்டுப்போன என்னுடையவர்களை "கிரயமில்லாமலும் பரிதானமில்லாமலும்" விடுதலையாக்குவான் என்று இருக்கிறது. கிரயம் தெரியும், விலை. பரிதானம் என்றால் பரிசு என்று நினைத்திருந்தேன். மறுநாள் எங்கள் சபை ஊழியர் உபதேசியாரிடம் கேட்டதற்கு, "லஞ்சம், கைக்கூலிடா" என்றார். நான் 45,000 ரூபாய் அனுப்பியது இந்த அதிகாரத்தைக் காட்டித்தான். அந்த அதிகாரத்தின் நடுவிலேயே விலையும் வேண்டாம், கைக்கூலியும் வேண்டாம் என்று அச்சாகியிருக்கிறது. பதினோரு வசனம் தள்ளி.

அதற்கு இரண்டு வசனம் கழித்து இன்னொன்று இருக்கிறது. "நீர் மெய்யாகவே உம்மை மறைத்துக்கொண்டிருக்கிற தேவனாயிருக்கிறீர்." இதை யாரும் அட்டையில் போடுவதில்லை. சித்திரையிலிருந்து நான் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, சொன்னால் பாவமோ என்று பயந்த வார்த்தை அதுதான். வேதமே அதைச் சொல்கிறது, அதுவும் அதே பக்கத்தில். எனக்கு விசுவாசம் திரும்பி வந்த நாள் எது என்று கேட்டால் தேதி சொல்லத் தெரியாது. ஆனால் படிக்கத் தொடங்கிய நாள் அதுதான்.

இதற்கப்புறம் நான் பழகிக்கொண்ட முறையைச் சொல்கிறேன். பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. எங்களுக்கு மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் பல நாள் விடியற்காலையில்தான் வரும். மோட்டாரைப் போட்டுவிட்டுப் பம்புசெட்டில் சும்மா உட்கார்ந்து செல்போன் பார்க்கிற அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு வாரத்துக்கு ஒரே அதிகாரம். திங்கட்கிழமை சத்தமாக, நிறுத்தாமல், ஒரு தடவை வாசிப்பது. மோட்டார் சத்தத்தில் நம் குரல் யாருக்கும் கேட்காது, வெட்கப்பட வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை மூன்றே கேள்வி: யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், என்ன நடந்துகொண்டிருக்கும்போது பேசுகிறார். இதற்குப் பதில் தெரியாமல் எந்த வசனத்தையும் எனக்கு என்று எடுத்துக்கொள்வதில்லை. அடுத்த நாட்களில் புரியாத சொல், நெருடுகிற வசனம், எனக்குப் பிடிக்காத வசனம். பிடிக்காத வசனத்தைக் கட்டாயம் எழுதிவைப்பேன், ஏனென்றால் பிடித்ததை மட்டும் எடுத்த கதைதான் மேலே படித்தீர்களே. மகளின் பழைய கோடுபோட்ட நோட்டு ஒன்றில் பாதிப் பக்கம் காலியாக இருந்தது, அதில்தான் எழுதுகிறேன். மேல்பாதியில் கணக்குப் பாடம், கீழ்ப்பாதியில் ஏசாயா.

நாம் படிக்கிற பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் அழகானதுதான், ஆனால் நூற்றைம்பது வருஷத்துத் தமிழ். பரிதானம், இடைக்கட்டு, உப்பரிகை எல்லாம் நாக்குக்குப் பழகியிருக்கும், பொருள் தெரியாது. தெரியாத சொல்லைத் தெரிந்த மாதிரிப் படித்துக்கொண்டு போவதுதான் பிறவி வேதக்காரனின் வியாதி. இப்போது பக்கத்தில் ஒரு புதிய மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொள்கிறேன். ஆச்சியிடம் இதைச் சொன்னபோது, புது வேதம் எல்லாம் வேதமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர், தமிழில் ஏற்கெனவே வேதாகமம் இருக்கும்போதே, ஜனங்களுக்கு விளங்க வேண்டும் என்று புதிய ஏற்பாட்டை மறுபடியும் மொழிபெயர்க்க உட்கார்ந்தவர். அவர் காலத்தில் உண்டான ஊர்தான் டோனாவூர். பணம் கொடுத்த டோனா பிரபுவின் பெயர் ஊருக்கு வந்தது. இதைச் சொன்ன பிறகு ஆச்சி கொஞ்சம் இறங்கிவந்தாள், ஐயர் செய்தால் சரி என்று.

தியானம் என்ற சொல்லும் என்னைக் கெடுத்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு மனசை ஒருமுகப்படுத்துவது என்று நினைத்து, இரண்டு நிமிஷத்தில் கடன் ஞாபகம் வந்து, எனக்கு இது வராது என்று விட்டுவிடுவேன். எங்கள் சபைப் போதகர் ஐயா, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு கூட்டத்தில் முதலாம் சங்கீதத்தை எடுத்துச் சொன்னார்: அங்கே தியானத்துக்கு எபிரெயுவில் வருகிற சொல் ஹாகா, வாய்க்குள் முணுமுணுப்பது. ஏசாயா 31:4-ல் இரையைப் பிடித்துக்கொண்டு சிங்கம் உறுமுவதற்கும் அதே சொல்தான். எனக்கு உடனே விளங்கியது. ஆச்சி அந்தக் காலத்தில் பால் ஊற்றிவிட்டு வரும் வழியெல்லாம், இன்னார் வீட்டுக்கு அரைப்படி, இன்னாருக்குக் கால்படி பாக்கி என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வருவாள். எழுதப் படிக்கத் தெரியாது, கணக்கு ஒருநாளும் தப்பாது. அதற்குக் கண்ணை மூட வேண்டியதில்லை. களை வெட்டிக்கொண்டே ஒரு வசனத்தை முணுமுணுக்கலாம், நடுவில் கடன் ஞாபகம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொரு வாரம் மத்தேயு 4. இது எல்லாருக்கும் தெரிந்த கதை, நான் ஓய்வுநாள் பள்ளி நாடகத்தில் பிசாசாக நடித்திருக்கிறேன். பிசாசானவன் இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகைமேல் நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் ஏந்திக்கொண்டு போவார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். எழுதியிருப்பது உண்மை, 91-ஆம் சங்கீதம். நான் போய்ப் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்தேன். சங்கீதத்தில் "உன் வழிகளிலெல்லாம்" உன்னைக் காக்கும்படி என்று இருக்கிறது. மத்தேயுவில் பிசாசு சொல்லும்போது அந்தச் சொல் இல்லை. வழியில் நடக்கிறவனுக்குச் சொன்ன காவலை, மாடியிலிருந்து குதிக்கிறவனுக்கு மாற்றிக் கொடுக்கிறான். அதற்கு இயேசு கொடுத்த பதிலும் வசனம்தான்: உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக. 2,000 வாழையைக் கம்பு கட்டாமல் சித்திரைக் காற்றில் நிறுத்தினேனே, அது என் உப்பரிகை. விசுவாசம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். வரப்பில் நின்று கம்பைக் கட்டு என்று சொன்ன அண்ணாச்சிக்கு இந்த வசனம் தெரியாது, ஆனால் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். புலம்பல் சங்கீதங்களைத் தேடிப் படியுங்கள். 13, 42, 88. சங்கீதம் 88 கடைசி வரைக்கும் விடியவே விடியாது. எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று சொல்லி அப்படியே முடிந்துவிடுகிறது. ஸ்தோத்திரம் இல்லை, "ஆனாலும்" என்று திரும்புகிற வரியும் இல்லை. அதைப் பரிசுத்த வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார்களே என்பதே எனக்கு ஒரு மாதத்துக்குப் போதுமான ஆறுதலாக இருந்தது. ஆபகூக்கையும் முதல் அதிகாரத்திலிருந்து படித்தேன். அவன் தொடங்குவதே நீர் கேளாமலிருக்கிறீரே என்று சண்டைபோட்டுத்தான். மூன்றாம் அதிகாரத்து அத்திமரத்துக்கு அவன் அப்படி நடந்துதான் வருகிறான். துட்டி (துக்க) வீட்டுக்குப் போய் நேரே மூன்றாம் அதிகாரத்தைச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து முதல் அதிகாரத்தைச் சொன்னால் அவர்களும் சேர்ந்து சொல்வார்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்து டோனாவூரில் 1901 முதல் பிள்ளைகளைக் காப்பாற்றி ஊழியம் செய்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். 1931-ல் கீழே விழுந்தவர், 1951-ல் இறக்கும் வரை அநேகமாகப் படுக்கையிலேயே இருந்தார். கிட்டத்தட்ட இருபது வருஷம். கோணல் அவருக்குச் செவ்வையாகவில்லை. சின்ன வயதில் இந்தக் கதையில் பிள்ளைகளைக் காப்பாற்றிய பாதியை மட்டும்தான் சொன்னார்கள், அல்லது அந்தப் பாதியைத்தான் நான் கேட்டேனோ என்னவோ. இப்போது அந்த ரோட்டில் போகும்போது படுக்கையில் இருந்த பாதிதான் ஞாபகம் வருகிறது.

இப்படி எழுதுவதால் தினமும் தவறாமல் படிக்கிறேன் என்று எண்ண வேண்டாம். மழைக்காலத்தில் மோட்டார் போட வேலையில்லாததால் மூன்று வாரம் வேதாகமத்தைத் தொடவில்லை. விட்ட நாட்களுக்குச் சேர்த்துவைத்துப் படிக்கிற வேலையை மட்டும் செய்யாதீர்கள், அது இன்னொரு கடன். விட்ட அதிகாரத்தில் மறுபடி தொடங்குங்கள். காலையில் எல்லாருக்கும் வசனப்படம் அனுப்புகிற பழக்கத்தை நிறுத்திவிட்டேன். ஒரு மாதிரி வெறுமையாக இருந்தது, முதல் வாரம். பிறகு ஒருவர் போன் போட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டார். ஒருவர்தான்.

வாக்குத்தத்த அட்டையை வெறுக்கிறேனா என்று வீட்டுக்காரி கேட்டாள். இல்லை, இந்தப் புதுவருஷமும் எடுத்தோம். அவளுக்கு வந்தது எரேமியா 29:11, தீமைக்கல்ல சமாதானத்துக்கேதுவான நினைவுகள். வீட்டுக்கு வந்து மூவருமாக அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படித்தோம். பாபிலோனில் சிறைப்பட்டிருக்கிறவர்களுக்கு எழுதிய கடிதம். எழுபது வருஷம் ஆகும், அதுவரைக்கும் அங்கேயே வீடுகட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்கிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி ஜனங்களைச் சந்தோஷப்படுத்துகிறான். மகள்தான் கேட்டாள், அப்படியானால் அந்த அட்டையை அன்றைக்கு வாங்கியவர்களில் பாதிப்பேர் திரும்பிப் போவதைப் பார்க்காமலே செத்திருப்பார்களே என்று. ஆமாம் என்றேன். வீட்டுக்காரி கொஞ்ச நேரம் பேசவில்லை. "தோட்டம் போடச் சொல்லிருக்குல்ல, அது போதும்" என்று எழுந்துபோனாள்.

நகைக் கடனில் இன்னும் 62,000 நிற்கிறது. இந்தத் தடவை ஒரு ஏக்கர் மட்டும்தான் வாழை. குலை தள்ளுவதற்கு முன்பே கம்பு வாங்கிப் போட்டாயிற்று, அண்ணாச்சிதான் விலை பேசி முடித்துக் கொடுத்தார். காப்பீட்டிலும் சேர்ந்துவிட்டேன். அதிலும் நம் தோட்டத்தை மட்டும் பார்த்துத் தருவதில்லை, பகுதி முழுக்க விளைச்சல் எவ்வளவு குறைந்தது என்று பார்த்துத்தான் கணக்கிடுவார்கள்; விவரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கட்டுங்கள். ரசீதை வேதாகமத்துக்குள் ஏசாயாவில் வைத்திருக்கிறேன். வேறு எங்கே வைத்தாலும் தொலைத்துவிடுவேன்.